சேவைக்கு வந்த முப்பது பேரும் பொறுப்பு சொன்ன வாயும்

மீன் விற்பதில் ஒரு நிம்மதி உண்டு: வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் எதிரில் நிற்கிற ஆள் போய்விடுவார், சேவை செய்ய வருகிறவர்கள் அப்படிப் போக மாட்டார்கள்.

எங்கள் குப்பம் பழவேற்காட்டு ஏரிக்கரையில். பன்னிரண்டு வயதில் மீன் கூடையோடு பொன்னேரி பஸ்ஸில் ஏறியவள் நான். கூடையைக் கண்டதும் இறங்கு என்ற கண்டக்டர்கள், மூக்கைப் பொத்திய பக்கத்து சீட்டுக்காரர்கள், செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கிய ஓட்டல்காரர்கள், இவர்களோடு கத்திக் கத்தித்தான் பேரம் கற்றேன். பள்ளிக்கூடம் அஞ்சாம் வகுப்போடு சரி. நாலு வருஷமாக இன்னொரு வேலையும் தலையில் ஏறிவிட்டது. சென்னையிலிருந்து ஒரு காலேஜ்காரர்கள் வருஷத்துக்கு ஒரு வாரம் சேவை முகாம் என்று வருகிறார்கள். அவர்களுக்குத் தங்க இடம், சாப்பாடு, படகு எல்லாம் ஏற்பாடு செய்வது நான். அவர்கள் பேப்பரில் எனக்கு 'உள்ளூர் ஒருங்கிணைப்பாளர்' என்று பேர். எங்கள் தெருவில் 'காலேஜ்காரி'.

உங்கள் ஊருக்கும் வந்திருப்பார்கள். ஒரே மாதிரி பனியன், ஒரே மாதிரி தொப்பி, முன்னால் பிடித்துக்கொள்ள ஒரு பேனர். அவர்கள் போன பிறகு இடத்தைக் கூட்டிப் பெருக்கினவர்கள் யாராவது இதைப் படித்தால், பக்கத்தில் வந்து உட்காருங்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் ஏன் இப்படிக் கொதிக்கிறேன் என்று புரியாது. ஏரியில் இறால் நன்றாக ஓடுகிற இடங்கள் கொஞ்சம்தான். எல்லோரும் ஒரே நாளில் அங்கே வலை கட்ட முடியாது. அதனால் முறை வைத்திருக்கிறோம். அதற்குப் பாடு என்று பேர். இன்றைக்கு உன் முறை, நாளைக்கு அவன் முறை. உன் நாளில் அந்த இடம் உனக்கு. வேறு எவனும் எட்டிப் பார்க்கக் கூடாது. வெளி ஆட்களை ஊருக்குள் தங்க வைப்பதென்றால் ஓர் ஆம்பளை ஊர்க்கூட்டத்தில் நின்று "இவங்களுக்கு நான் பொறுப்பு" என்று சொல்ல வேண்டும். பொம்பளை சொன்னால் செல்லாது. ஏதாவது ஆனால் சொன்னவனுடைய முறை நிற்கும், ஏரியில் அவனுக்கு இடம் கிடையாது. ஆக, கூட்டி வந்தவள் நான். பொறுப்பு சொன்னவர் என் வீட்டுக்காரர் கோவிந்தன். அதிர்ந்து பேசாத மனுஷன். வாய் என்னுடையது, முறை அவருடையது.

முப்பதும் ரெண்டும்

முதல் வருஷம் முகாமுக்கு நாள் குறிக்க வந்தவர் ஒரு வாத்தியார். சட்டைப்பையில் மூன்று பேனா. பிள்ளைகள் அவரை சார் என்றதால் நானும் சார் என்றேன். "உங்க ஊருக்கு என்ன தேவைன்னு சொல்லுங்கம்மா, செஞ்சிடலாம்" என்றார். நாலு வருஷத்தில் ஊரைப் பற்றி அவர் என்னைக் கேட்ட ஒரே கேள்வி அது.

நான் விரலை மடக்கினேன். ஆஸ்பத்திரிக்குப் போனால் டாக்டர் எழுதியதைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டும். ஆபீசுக்குப் போனால் மனு எழுத ஆள் வேண்டும். பத்தாவது படிக்கிற பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தர ஆள் வேண்டும். அவர் தலையை ஆட்டிக்கொண்டே ஒரு தாளை நீட்டினார். அதில் ஏழு நாளும் ஏற்கெனவே அச்சாகியிருந்தது. சுவரில் படம், விழிப்புணர்வு ஊர்வலம், நாடகம், கணக்கெடுப்பு, கரையைச் சுத்தம் செய்தல்.

எனக்குப் பேரம் இல்லாமல் எதையும் வாங்கிப் பழக்கமில்லை. "சார், முப்பது பேரு ஏழு நாளு வேணாம். ரெண்டே ரெண்டு பேரு, மூணு மாசத்துக்குக் குடுங்க. சோறு நான் போடறேன்" என்றேன். நல்ல பேரம். எனக்கும் லாபம், அவருக்கும் பஸ் செலவு மிச்சம். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"ரெண்டு பேரை வெச்சு குரூப் போட்டோ எப்படிம்மா எடுக்கிறது?"

தொட்டிச் சுவர்

எங்கள் தெருக்கோடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி. கட்டின நாளிலிருந்து அதில் தண்ணீர் வந்ததில்லை. வெயிலுக்கு ஆடு படுக்கும். பிள்ளைகளுக்கு அந்தச் சுவர் பிடித்துப்போனது, வழுவழுப்பாக இருக்கிறதாம். மூன்று நாள் உட்கார்ந்து வரைந்தார்கள். பெரிய பித்தளைக் குழாய், அதிலிருந்து நீலமாகத் தண்ணீர், கீழே ரெண்டு கை, 'சோப்புப் போட்டுக் கை கழுவுவோம்' என்று எழுத்து. பொய் சொல்லக் கூடாது, நன்றாகத்தான் வரைந்தார்கள். தண்ணீரில் வெளிச்சம் படுவது கூடத் தெரிந்தது.

திறப்பு விழா வைத்தார்கள். ரிப்பன் வெட்டினார்கள். கை தட்டச் சொன்னார்கள், தட்டினோம். என் நாத்தனார் முனியம்மா, புருஷனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு எங்களோடு இருப்பவள், நாலு தெரு தள்ளித் தண்ணீர் பிடித்துக்கொண்டு அப்போதுதான் வந்தாள். இடுப்பில் குடம். நின்று, மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னா அண்ணி, படத்துல இந்தக் கொட்டு கொட்டுது. கொடத்தை இங்கயே வெச்சிருக்கலாம் போலக்கீதே."

வெள்ளைப் பொடி

மூன்றாவது வருஷம் வந்தவர்களுக்கு மூக்கு கொஞ்சம் மென்மை. அவர்கள் தங்கின கூடத்துக்குப் பின்னால்தான் பெண்கள் மணலில் வலை விரித்து நெத்திலி காயப்போடுவார்கள். மூன்றாம் நாள் காலையில் நான் இட்லிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போனால், மணலெல்லாம் வெள்ளை. ரெண்டு டப்பா பிளீச்சிங் பவுடரைச் சுற்றிலும் தூவியிருந்தார்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. ரெண்டு வீட்டுக் கருவாடு போனது.

நான் கத்தின கத்தலில் காக்கை பறந்தது. அப்புறம் என் வீட்டுக் கருவாட்டை அள்ளி அந்த ரெண்டு வீட்டுக்கும் கொடுத்தேன். கொடுத்தும் விஷயம் ஊர்க்கூட்டத்துக்குப் போனது. எங்கள் ஊர்த் தலைவர் சத்தம் போடுகிறவர் இல்லை. கோவிந்தனைப் பார்த்து, "இந்தத் தபா வுட்டுட்றோம். அடுத்த தபா உன் மொற நிக்கும்" என்றார். என் வீட்டுக்காரர் தலையை ஆட்டிவிட்டு வந்து, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். அவர் திட்டியிருந்தால் எனக்குத் தூக்கம் வந்திருக்கும்.

மறுநாள் காலை, டப்பாவைத் தூவின பையன் பல் துலக்கிக்கொண்டே எதிரில் வந்தான். முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

"ஆன்ட்டி, இப்ப ஸ்மெல் இல்லைல்ல?"

உயிர் காக்கும் பயிற்சி

அதற்குப் பிறகும் ஏன் நாலாவது வருஷம் ஒத்துக்கொண்டாய் என்று கேட்பீர்கள். அந்தக் காலேஜில் எங்கள் பிள்ளைகளுக்கு ரெண்டு சீட் பார்க்கலாம் என்று சார் சொல்லியிருந்தார். பேரத்தில் நான் ஏமாந்த இடம் அது. கையில் வாங்காத சரக்குக்கு விலை கொடுத்தேன்.

இந்த வருஷம் ரெண்டாம் நாள் மீனவர்களுக்கு உயிர்க்கவசம் போடும் பயிற்சி. ஆறு வயதில் ஏரியில் இறங்கின ஆம்பளைகள் இருபது பேர் கரையில் வரிசையாக உட்கார்ந்தார்கள். கோவிந்தன் படகைக் கொஞ்ச தூரம் உள்ளே தள்ளி நிறுத்தினார். ஒரு பையன் படகில் எழுந்து நின்று, மைக் பிடித்து, "தண்ணியில விழுந்தா முதல்ல பதட்டப்படக் கூடாது" என்று ஆரம்பித்தான். கவசத்தைக் கையில் தூக்கிக் காட்டினான். படகு லேசாக ஆடியது. மைக்கோடு உள்ளே போனான்.

அப்புறம் அவன் போட்ட சத்தம் இருக்கிறதே. கையைக் காலை அடித்துக்கொண்டு அம்மாவைக் கூப்பிட்டான். கரையில் பெண் பிள்ளைகள் அழ ஆரம்பித்துவிட்டார்கள். கோவிந்தன் பீடியை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"தம்பி, எழுந்து நின்னுக்கோ."

அவன் எழுந்து நின்றான். முட்டிக்கு மேல் நாலு விரல் தண்ணீர். இருபது ஆம்பளைகளும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அழுதுகொண்டிருந்த பிள்ளைகளைப் பார்த்து, இன்றைக்கும் என் நாக்கைக் கடிக்க வைக்கிற ஒரு பேச்சைப் பேசினேன். "இன்னாத்துக்கு பயப்படறீங்க? இந்த ஏரியில பாதி தூரம் நடந்தே போலாம். எழுந்து நின்னா போதும்."

ஆப்சென்ட்

முனியம்மாவுக்கு விதவைப் பணத்துக்கு ஒரு மனு. மூன்று தடவை பஸ் ஏறிப் போய் மூன்று தடவையும் திரும்பி வந்தாள். எந்தப் பேப்பர் குறைகிறது என்று சீட்டில் எழுதித்தான் கொடுத்தார்கள். அவளுக்கு அதைப் படிக்கத் தெரியாது. எழுத்துக் கூட்டிப் படிப்பேனே என்று நான் ஒரு தடவை அவளோடு போனேன், அந்த ஆபீஸ் தமிழ் எனக்கும் விளங்கவில்லை. போய்க் கத்தினேன். நான் கத்தினதில் இன்னும் ரெண்டு மாசம் தள்ளிப் போனதுதான் மிச்சம்.

முகாமின் நாலாம் நாள், ஷாலினி என்று ஒரு பெண் தண்ணீர் குடிக்க வீட்டுக்கு வந்தவள், முனியம்மா முந்தானையில் முடிந்து வைத்திருந்த அந்தச் சீட்டைப் பார்த்தாள். வாங்கிப் படித்தாள். "இது ஒரு பேப்பர்தான் அக்கா, இன்னைக்கே வாங்கிடலாம்" என்றாள். தொப்பியைக் கழற்றி என் கொடியில் மாட்டிவிட்டு முனியம்மாவோடு பஸ் ஏறினாள். மத்தியானம் சாப்பிடவில்லை. சாயங்காலம் மனு வாங்கியதற்கான ரசீதோடு ரெண்டு பேரும் இறங்கினார்கள். முனியம்மா அந்த ரசீதைச் சாமி படத்துக்குப் பின்னால் சொருகினாள். எடுத்து எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் சொருகினாள்.

நாலு வருஷத்தில் எங்கள் குப்பத்துக்கு நடந்த சேவை அது ஒன்றுதான். அன்றைக்கு முகாமில் நெகிழி ஒழிப்பு நாடகம். ஷாலினிக்கு அதில் மரம் வேஷம். சார் வருகைத்தாளில் அவள் பேருக்கு நேராகச் சிவப்பு மையில் ஆப்சென்ட் போட்டார். மொத்தம் ஏழு நாள் இருந்தால்தான் சான்றிதழாம். நான் போய்ச் சண்டை போட்டேன். இப்படிப் பொறுமையாக ஒருவர் என்னை மடக்கினதே இல்லை.

"நல்ல காரியம்தாம்மா, நான் இல்லைங்கல. ஆனா அன்னைக்கு அந்தப் பொண்ணு சேவையில இல்லையே."

ஆறு மூட்டை

கடைசி நாள் கரையைச் சுத்தம் செய்வது. காலையிலேயே எல்லோரையும் நிற்க வைத்து, "கரை மட்டும். தண்ணியில இருக்கிறது எதையும் தொடாதீங்க" என்று படித்துப் படித்துச் சொன்னேன். சொல்லிவிட்டு ராத்திரி விருந்துக்குக் கோழி வாங்கப் பொன்னேரிக்குப் போனேன். ஆப்சென்ட் ஆனதற்குத் தண்டனையாக ஷாலினியைச் சமையல் வேலைக்கு விட்டிருந்தார்கள். அவள் என்னோடு வந்தாள். நின்று யோசித்திருக்கக் கூடிய ஒரே ஆள் அவள், அவளும் கோழிக்கடையில் நின்றாள்.

திரும்பி வந்தால் கரையில் ஆறு மூட்டை. மற்ற இருபத்தொன்பது பேரும் இடுப்பு வரைக்கும் ஈரம். பேனர் பிடித்துப் போட்டோ எடுத்து முடித்துவிட்டார்கள். ஒரு மூட்டையின் வாயில் என் பழைய பச்சைச் சேலையின் முந்தானை எட்டிப் பார்த்தது. பாடு இடங்களுக்கு எல்லை காட்ட ஏரியில் கழி நட்டு, அடையாளத்துக்குத் துணியும் சாக்குக் கிழிசலும் கட்டியிருப்போம். எந்தக் கலர் எந்த இடம் என்று ஊருக்குத் தெரியும். அத்தனையையும் குப்பை என்று அவிழ்த்து மூட்டை கட்டியிருந்தார்கள். வசதிக்காகப் பத்துப் பதினைந்து கழியையும் பிடுங்கிக் கரையில் அழகாக அடுக்கியிருந்தார்கள். ஆம்பளைகள் சாப்பிட்டுத் தூங்குகிற நேரம். பார்த்தவர் யாருமில்லை.

"தண்ணியில ஏண்டா போனீங்க" என்று கத்தினேன். மைக்கோடு விழுந்த பையன்தான் முன்னால் வந்து பதில் சொன்னான்.

"நீங்கதானே ஆன்ட்டி சொன்னீங்க, எழுந்து நின்னா போதும்னு."

நட்டவன்

இனி என் தப்பு. அதையும் நானே எழுதிவிடுகிறேன், மற்றவர்கள் சொல்லிக் கேட்பதைவிட நல்லது. கோவிந்தன் அந்தக் கழிகளைப் பார்த்தவுடன், "தலைவராண்ட சொல்லிட்லாம்மே" என்றார். சொல்லியிருந்தால் ஊரே இறங்கி, அளந்து, பழைய இடத்திலேயே நட்டிருக்கும். ஆனால் போன வருஷம் தலைவர் சொன்ன வார்த்தை என் காதிலேயே இருந்தது. மழை ஓய்ந்து இறால் ஓடுகிற காலம் வேறு. "வாய மூடிக்கினு வா, நாமளே நட்டுட்லாம்" என்றேன். நாலு வருஷமாக நான் சொன்னதைக் கேட்டுப் பழகின மனுஷன், அன்றைக்கும் கேட்டார். இருட்டுவதற்குள் நட்டுவிட வேண்டும் என்று நான் அவசரப்படுத்த அவசரப்படுத்த நட்டோம். துணிகளை நான் கட்டினேன்.

ரெண்டு இடத்துக்கு நடுவில் எல்லை பத்து பாகம், ஏறக்குறைய அறுபது அடி, தள்ளிப் போயிருந்தது. மறுநாள் முறைக்கு வந்த ரெண்டு குழுவும் ஒருவர் இடத்தில் ஒருவர் வலை கட்ட, ஓடத்துக்கு ஓடம் ஏச்சு, துடுப்புத் தூக்கல், வலை கிழிசல். ஒருவனுக்கு நெற்றியில் நாலு தையல். அந்த நேரத்தில் காலேஜ் பஸ் பொன்னேரியைத் தாண்டியிருக்கும். ஜன்னலில் கையாட்டிக்கொண்டேதான் போனார்கள்.

சாயங்காலம் ஊர்க்கூட்டம். கோவிந்தன் நடந்ததைச் சொல்லிவிட்டு நடுவில் கை கட்டி நின்றார். நான் வேலிக்கு வெளியே நின்று, பிடுங்கினது காலேஜ் பிள்ளைகள், எங்களுக்கு எதற்குத் தண்டனை என்று தொண்டை கிழியக் கத்தினேன். தலைவர் என் பக்கம் திரும்பவே இல்லை. கோவிந்தனிடம்தான் சொன்னார், அதுவும் மெதுவாக. இந்தப் பருவம் முழுக்க அவர் முறை கிடையாது.

"புடுங்குனவன் தெரியாத புள்ள, கோவிந்தா. நட்டவன் தெரிஞ்சவன்."

கையெழுத்து

பத்து நாள் கழித்து சார் வந்தார். முப்பது பேருடைய பேரும் வருகையும் ஒரே தாளில். 'முகாம் சிறப்பாக நடைபெற்றது' என்று கீழே உள்ளூர் ஒருங்கிணைப்பாளர் கையெழுத்துப் போட வேண்டுமாம். இல்லாவிட்டால் ஒருவருக்கும் சான்றிதழ் வராது. கையில் இப்படி ஒரு துருப்புச் சீட்டு எனக்கு வாழ்க்கையில் விழுந்ததில்லை. நாற்காலி போட்டேன். டீ கொடுத்தேன். "சார், ஒரே ஒரு தபா தலைவராண்ட வந்து, எங்க பசங்க தெரியாம புடுங்கிட்டாங்கன்னு நீங்க சொல்லுங்க. பாதி பருவமாவது திரும்பி வரும். நான் கையெழுத்துப் போடறேன்" என்றேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை, அவ்வளவு தணிவாக இருந்தது.

அவர் டீயைக் கீழே வைத்தார். "அறிக்கையில ஆறு மூட்டை கழிவுன்னு எழுதி அனுப்பியாச்சும்மா. இப்ப போயி அது கழிவு இல்லைன்னு எப்படிச் சொல்றது?"

தாளைக் கிழித்து அவர் சட்டைப்பையில் போட்டிருப்பேன். எடுத்தும்விட்டேன். அப்போதுதான் பதினேழாவது வரியில் ஷாலினி பேருக்கு நேராக அந்தச் சிவப்பு மை கண்ணில் பட்டது. கிழித்தால் ஷாலினியும் சேர்ந்து கிழிவாள், அந்தச் சிவப்பை மாற்ற வேறு தாள் கிடைக்காது. உள்ளே முனியம்மா சாமி படத்துக்குப் பின்னாலிருந்து ரசீதை எடுத்துப் பார்க்கிற சத்தம் கேட்டது. தாளை அவர் முன்னால் வைத்து, சிவப்பை விரலால் காட்டினேன். "இத அடிச்சிட்டு, வந்தாள்னு எழுது. அப்பால போடறேன்." மரியாதை எல்லாம் தீர்ந்துவிட்டிருந்தது. அவர் மூன்று பேனாவில் எது என்று யோசித்து, நீலத்தை எடுத்து, அடித்து எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன்.

மூலையில் உட்கார்ந்து அந்தக் கிழிந்த வலைகளை அவரவர் வீட்டுக்காகத் தைத்துக் கொண்டிருந்த கோவிந்தன், சார் போன பிறகு ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டே சொன்னார்.

"பேரம்னா நீதாம்மே. என் மொறைய ஒரு பருவம் குடுத்து, அந்தப் பொண்ணுக்கு ஒரு நாளு வாங்கிட்ட."

முப்பது பேரும் எங்கள் குப்பத்துக்குச் சேவை செய்தார்கள் என்று கையெழுத்துப் போட்டவள் நான்தான், அந்தச் சேவையைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் எந்த நாள் வேண்டுமானாலும் வரலாம், என் வீட்டுக்காரர் இந்தப் பருவம் முழுக்க வீட்டில்தான் இருக்கிறார்.